சர்க்கரை இருந்ததைச் சொல்லவில்லை என்று இழப்பீட்டை மறுக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கர் மானாவாரி நிலம். என் வீட்டுக்காரருக்கு வயது 40. எட்டு வருடமாக ஊர்க்காரர் ஒருவரின் கதிரடிக்கும் மிஷினில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்தார். போன தை மாதம் உளுந்து அடிக்கும்போது இடது கை மிஷினுக்குள் போய்விட்டது. முதலில் தையல் போட்டார்கள். புண் ஆறவில்லை. 19-ஆம் நாள் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. மிஷின்காரர் வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். ஆனால் கம்பெனி, “சர்க்கரை நோயை மறைத்துவிட்டார், கை போனதும் சர்க்கரையால்தான், பணம் தர முடியாது” என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. பாரத்தில் ‘முன்பு நோய் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியவர் ஏஜென்ட். இவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். இப்போது மிஷின்காரர், “60,000 ரூபாய் தருகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடு” என்கிறார். கையெழுத்துப் போடலாமா? சர்க்கரையைச் சொல்லாதது எங்கள் தப்பா?

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருவது இலைச்சுருட்டுப் புழுவும் நுண்ணூட்டக் குறைபாடும்தான். ஆனாலும் அறுவடை முடிகிற ஒவ்வொரு பட்டத்திலும் இப்படி ஒன்றிரண்டு கடிதங்கள் வராமல் இருப்பதில்லை. நான் வக்கீல் அல்ல. சட்ட விவரங்களைத் தொழிலாளர் துறையில் பணியாற்றும் நண்பரிடம் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

கூலி வேலை செய்கிறவருக்கு இழப்பீடா என்று பலர் நினைக்கிறார்கள். 1923-ஆம் ஆண்டே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்றார்கள், 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்திலும் இதே விதிகள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. யார் யாருக்கு இது பொருந்தும் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு விவசாய வேலை செய்பவர், இயந்திர அறுவடையிலும் கதிரடிப்பிலும் வேலை செய்பவர், பூச்சிமருந்து தெளிப்பவர், குழாய்க் கிணறு அமைப்பவர், பழுது பார்ப்பவர் எல்லோரும் அதில் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் கதிரடிக்கும் மிஷினில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர். அவர் பணியாளர், மிஷின்காரர் முதலாளி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி சர்க்கரை விஷயம். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக, விபத்தில் காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. தர வேண்டியதில்லை என்று சட்டம் சொல்லும் இடங்கள் மிகச் சில. குடிபோதையாலோ போதைப் பொருளாலோ நேர்ந்த விபத்து. பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது. இவைகூட மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் செல்லாது, அப்போதும் இழப்பீடு உண்டு. பழைய நோயைச் சொல்லவில்லை என்பது இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. எட்டு வருடம் வேலை வாங்கியவர் ஒரு நாளாவது “உனக்கு ஏதாவது நோய் இருக்கிறதா” என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்காததைச் சொல்லாமல் இருந்ததற்குப் பெயர் மறைத்தல் அல்ல.

அப்படியானால் கம்பெனி எந்தத் தைரியத்தில் எழுதுகிறது? இரண்டு விஷயங்களை அவர்கள் ஒன்றாகக் குழப்புகிறார்கள். நாமே நமக்காக எடுக்கும் மெடிக்கிளெய்ம் பாலிசி வேறு. அதில் விண்ணப்பத்தில் கேட்கும் நோய் விவரத்தை உண்மையாகச் சொல்லியே தீர வேண்டும். சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் மெடிக்கிளெய்ம் எடுத்த ஒருவரின் வழக்கில் கம்பெனி பணம் மறுத்தது சரிதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் பாலிசி எடுத்தவர் மிஷின்காரர். உங்கள் வீட்டுக்காரர் எந்த விண்ணப்பத்திலும் தன் உடல்நிலையைச் சொல்லிப் பாலிசி வாங்கவில்லை. அவருடைய உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, அந்தப் பாலிசியிலிருந்து அல்ல. கம்பெனி கொடுக்காவிட்டாலும் மிஷின்காரர் கொடுக்கத்தான் வேண்டும். தான் கட்டிய பிரீமியத்துக்குக் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியவர் அவர். உங்களை 60,000 ரூபாயில் முடித்து அனுப்பப் பார்ப்பது அவருக்கே நல்லதல்ல. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

“கை போனது சர்க்கரையால்தான்” என்ற இரண்டாவது வாதம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. அதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஏற்கெனவே நோய் இருந்தவருக்கு விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் பழையது. இதய நோய் இருந்த பம்பாய்த் துறைமுகக் காவலாளி ஒருவர் பணியில் இருந்தபோது இறந்தார். 1950-களிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் ஒரு வழி காட்டியது. நோய் மட்டுமே காரணம் என்றால் இழப்பீடு இல்லை. வேலையும் அதில் சேர்ந்து, நடந்ததை விரைவுபடுத்தியது என்றால் இழப்பீடு உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2006-இல் வாகனக் கிளீனர் ஒருவர் மாரடைப்பில் இறந்த வழக்கில், வேலைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருந்ததாக ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. தொடர்பைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கு அந்த மாரடைப்பைப் போன்றதல்ல. கண்ணுக்குத் தெரிந்து மிஷின் கையை இழுத்திருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்தப் புண் எங்கிருந்து வந்தது? அறுவை செய்த டாக்டரிடம் போய் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: “மிஷினில் சிக்கிய காயம் ஏற்படாமல் இருந்திருந்தால் இந்தக் கையை எடுக்க வேண்டி வந்திருக்குமா?” இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் கம்பெனியின் வாதத்தில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

கம்பெனிக்கு உண்மையிலேயே கைகொடுக்கக் கூடிய விதி வேறொன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றாலும் விசாரணையில் வரும். முதலாளி இலவசமாக டாக்டரிடம் காட்ட முன்வந்தும் பணியாளர் மறுத்திருந்தால், அல்லது டாக்டர் சொன்னதை வேண்டுமென்றே கேட்காமல் விட்டதால் காயம் மோசமாகியிருந்தால், முறையாக வைத்தியம் பார்த்திருந்தால் எந்த அளவு ஊனம் இருந்திருக்குமோ அந்த அளவுக்குத்தான் இழப்பீடு என்கிறது சட்டம். ஆகவே அந்த 19 நாளும் என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் கட்டு மாற்றினார்கள், எந்தத் தேதியில் சர்க்கரை பார்த்தார்கள், என்ன மாத்திரை, என்ன ஊசி, எல்லாம். நடுவில் யாராவது பச்சிலை வைத்துக் கட்டியிருந்தால் அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் ஊர்களில் கையில் அடிபட்டால் பாதிப் பேர் முதலில் அங்கேதான் போகிறார்கள். விதியில் ‘நியாயமில்லாமல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு நாள் கட்டு மாற்றப் போகாததை யாரும் நியாயமில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

ஏஜென்ட் எழுதிய ‘இல்லை’யை என்ன செய்வது? மருத்துவமனை கேஸ் ஷீட்டில் ஆறு வருடமாகச் சர்க்கரை என்று முதல் நாளே எழுதியிருப்பார்கள். இரண்டு காகிதங்களும் ஒன்றுக்கொன்று மாறாக இருப்பதைக் காட்டித்தான் உங்களைப் பொய்யர் ஆக்கப் பார்க்கிறார்கள். எனக்குச் சர்க்கரையே இல்லை என்று இப்போது சாதிக்கப் போனால் விபத்து நடந்ததையே சந்தேகிப்பார்கள். மனு போடும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு, இன்ன இடத்தில் மாத்திரை வாங்கினோம், பாரத்தை எழுதியவர் ஏஜென்ட், கையெழுத்து மட்டும்தான் எங்களுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிய சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். சர்க்கரை இருந்துகொண்டே ஆறு வருடம் அதே மிஷினில் இரண்டு கையாலும் வேலை செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி. உண்மை இங்கே உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

பணக் கணக்கைப் பார்ப்போம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். உங்களுடையது 12,000, அதில் 60 சதவிகிதம் 7,200. 40 வயதுக்குரிய காரணி 184.17. பெருக்கினால் 13,26,024 ரூபாய். கை போனதற்கு முதல் அட்டவணையில் சதவிகிதம் இருக்கிறது. முழங்கை எலும்பு நுனியிலிருந்து 11.43 செ.மீ.க்குக் கீழே எடுத்திருந்தால் 60 சதவிகிதம், அதற்கு மேலே எடுத்திருந்தால் 70. மீதிக் கையை டேப் வைத்து அளந்து சான்றில் எழுதச் சொல்லுங்கள், ஒரு விரற்கடையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வருகிறது. 60 சதவிகிதம் என்றே வைத்தாலும் 7,95,614 ரூபாய். மிஷின்காரர் தருவதாகச் சொல்வது 60,000.

இதற்கும் மேலே கேட்க இடமுண்டு. ஒரு கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்றது. மிஷின் வாயில் தாள் கொடுப்பதும் இரண்டு கை வேலைதான். அதே தீர்ப்பு, இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவிகிதம் வட்டி. சரியான காரணம் இல்லாமல் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம். அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது, முதலாளி தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பது 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 60,000-இல் முடிப்பது மிஷின்காரருக்கும் நல்லதல்ல என்று மேலே சொன்னது இதனால்தான். வைத்தியச் செலவையும் அவர் தனியாகத் தர வேண்டும், பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், முடியாது. இந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சமரசம் செய்தாலும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை மிகக் குறைவு என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வேறு வாசகர்கள் யாராவது இருந்தால் இனி வழியே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

மனுவை விபத்து நடந்த இடத்துக்கோ நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கோ உரிய இழப்பீட்டு ஆணையரிடம் தரலாம். அவர் யார் என்று மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விபத்து நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். மிஷின்காரரையும் கம்பெனியையும் இருவரையுமே எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, கேஸ் ஷீட் நகல், கை எடுத்த பிறகு தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, போலீஸில் கொடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். ரசீது, அன்று களத்தில் இருந்த இரண்டு பேரின் சாட்சியம் வேண்டும். சம்பளத்துக்குச் சீட்டு எதுவும் இருக்காது, நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? ஜி-பே, வங்கிக் கணக்கு வழியாக வந்த பணம் இருந்தால் அதன் விவரத்தை எடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தள்ளிப் போடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போவதென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அங்கும் சட்டக் கேள்வியை மட்டும்தான் பேசலாம், நடந்தது என்ன என்பதைப் புதிதாகக் கிளற முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். உங்கள் வீட்டுக்காரர் வங்கிக் கணக்கில் மே மாத வாக்கில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா. ஒரு கை போனால் ஒரு லட்சம். அதில் சேரும்போது எந்த நோயையும் கேட்பதில்லை, ஆகவே மறைத்தீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. வங்கியில் உடனே பாரம் கொடுங்கள். உழவர் பாதுகாப்பு அட்டை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேளுங்கள்.

மிஷின் வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் துறை சார்ந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தாள் கொடுக்கும் வாய்த்தட்டு குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் டிரம் பக்கமாக 45 செ.மீ.க்கு மேல்மூடி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கதிரடிக்கும் மிஷினில் கை போவது நாடெங்கும் பெருகிய காலத்தில்தான் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. வேகமாகத் தள்ள முடியவில்லை என்று மூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டிருக்கும் மிஷின்களை நான் எத்தனையோ களத்தில் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொன்னது முதலாளி என்றால் பழியை வேலையாள் தலையில் போட முடியாது.

கேள்வி: எனக்கு நாலு ஏக்கர் தென்னை. போன மாதம் தேங்காய் பறிக்க வந்தவர் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவருக்கு வலிப்பு நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. “நோயை மறைத்து ஏறினான், நீ ஒரு பைசா தர வேண்டாம்” என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். உண்மையா?

- ஒரு வாசகர், பொள்ளாச்சி.

பதில்: அவர்கள் சொல்லும் காரணம் தவறு. ஆனால் உங்களுக்குச் சட்டப்படி இழப்பீட்டுப் பொறுப்பு இல்லாமல் போவதற்கு வேறு காரணம் இருக்கலாம். இயந்திரம் இல்லாத சாகுபடி வேலையில், கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 25 பேருக்கு மேல் வேலை செய்திருந்தால்தான் அந்தத் தோட்டம் அட்டவணைக்குள் வரும். நாலு ஏக்கரில் அது நடந்திருக்காது. இதைச் சரி என்று நான் நினைக்கவில்லை. பவர் டில்லர் ஓட்டுகிறவருக்கு உள்ள பாதுகாப்பு 60 அடி மரத்தில் ஏறுகிறவருக்கு இல்லை.

வலிப்பு என்ற காரணம் ஏன் தவறு என்றால், 1905-இல் இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. கப்பலில் நிலக்கரி இறக்கும் வேலையில், திறந்திருந்த அறையின் விளிம்பில் நின்றவர் வலிப்பு வந்து உள்ளே விழுந்தார். வலிப்பு அவருடையதுதான், ஆனால் அந்த விளிம்பில் நிற்க வைத்தது வேலை, ஆகவே இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம். நம் 1923 சட்டம் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். வீட்டுத் திண்ணையில் வலிப்பு வந்திருந்தால் அவருக்குத் தொடை எலும்பு முறிந்திருக்காது.

இப்போது செய்யக் கூடியது: முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவைச் செலவு அதில் வரும், கூடப் போய் எடுத்துக் கொடுங்கள். மரமேறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பெரும் பங்கை வாரியமே கட்டுகிறது. இவர் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். சேரவில்லை என்றால் உங்கள் தோட்டத்துக்கு வரும் மற்றவர்களையாவது சேர்த்துவிடுங்கள். பறிகூலியோடு பார்த்தால் அது ஒன்றும் பெரிய பணமல்ல.

இனி ஆள் வைக்கும்போது வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்பது அவரை அனுப்பிவிடுவதற்காக இருக்கக் கூடாது. அனுப்பிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் சொல்வதில்லை, ஒரு நாள் கூலி போனால் அன்று அடுப்பு எரியாது. வலிப்பு உள்ளவரை மரம் ஏற்றவோ, கிணற்றில் இறக்கவோ, தேங்காய் உரிக்கும் பாரை முன் நிறுத்தவோ கூடாது. காய் பொறுக்கிக் குவிக்கலாம், வண்டியில் ஏற்றலாம், அதே கூலி கொடுங்கள். மூச்சிரைப்பு உள்ளவரிடம் தெளிப்பானைக் கொடுக்காதீர்கள். மருந்து தெளிக்கும் வேலைக்கு வைப்பவரை முன்னதாகவும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு ஆள் வைக்கும்போது அதைச் செய்த ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

நிலக்கடலையில் சுருள்பூச்சி, மரவள்ளியில் மாவுப்பூச்சி பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில். சுருள்பூச்சி கேட்டவர் விதைத்த தேதியையும் ரகத்தையும் எழுதவில்லை, ஒரு அட்டையில் எழுதிப் போடவும்.